மோகன் போய்ப் பார்க்காத இடங்கள்

என் மைத்துனன் மோகன் இரண்டு வருடம் என்னிடம் பொய் சொன்னான். ஒன்றிரண்டு பொய் இல்லை, ஒரு நாளைக்கு ஐந்தாறு. என் மனைவி தேவகிக்கு அது தெரியும். இரண்டு பேரும் உன் நல்லதுக்குத்தான் செய்தார்கள் என்று இப்போது எல்லாரும் எனக்குச் சமாதானம் சொல்கிறார்கள். டாக்டர்கூட கிட்டத்தட்ட அப்படித்தான் சொன்னார். எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. அதனால் இதை ஆறிப்போனவன் எழுதுகிற கதை என்று நினைத்துப் படிக்க வேண்டாம். நோய் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது, கோபம் அவ்வளவு இறங்கவில்லை.

நான் ஆட்டோ ஓட்டுகிறவன். பத்தொன்பது வருடமாக அடையாறில் ஒரே ஸ்டாண்டு. ஆற்றங்கரையிலிருந்த எங்கள் வீடுகளை எடுத்துவிட்டுப் பெரும்பாக்கத்தில் நாலாவது மாடியில் வீடு கொடுத்த பிறகும், காலையில் எழுந்தால் வண்டி தானாக அடையாறுக்குத்தான் திரும்பும். இத்தனை வருடத்தில் ஒரு கோழியைக்கூட நான் இடித்ததில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. நோய் பிடித்த இடமே அதுதான் என்று டாக்டர் பிற்பாடு சொன்னார். ஒருத்தருக்கு எது ரொம்ப முக்கியமோ அதில்தான் அது கை வைக்குமாம்.

முதல் முறை கை வைத்தது திருவான்மியூரில். பஸ் டெர்மினஸைத் தாண்டிப் போகும்போது பின் சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. சென்னை ரோட்டில் அதெல்லாம் ஒரு விஷயமா? ஆனால் அன்றைக்கு ஓர் எண்ணம் வந்தது. அது பள்ளம்தானா? சவாரியை இறக்கிவிட்டுத் திரும்பி வந்து பார்த்தேன். பள்ளம் இருந்தது, அதில் தண்ணீர் இருந்தது. சரி என்று கிளம்பினேன். அடையாறு சிக்னல் வருவதற்குள் இன்னோர் எண்ணம். நான் பார்த்தது அதே பள்ளம்தானா? மறுபடியும் திரும்பினேன். நாலாவது முறை போய் நின்றபோது அங்கே பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா, "இன்னாபா, எதுனா தொலைச்சிட்டியா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு வண்டி தூக்கிப் போட்ட ஒவ்வொரு இடமும் எனக்கு ஒரு ஆளாகத் தெரிய ஆரம்பித்தது. வேகத்தடை ஒரு ஆள். உடைந்த சாக்கடை மூடி ஒரு ஆள். கல் ஒரு ஆள். இடித்ததாக நான் நம்பினேன் என்று சொல்ல முடியாது. இடிக்கவில்லை என்று எனக்கே தெரியும். தெரிந்தும், ஒருவேளை இடித்திருந்தால், அந்த மனுஷன் ரோட்டோரம் கிடந்து தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தால், என்று உள்ளே ஒன்று அரித்துக்கொண்டே இருக்கும். திரும்பிப் போய்ப் பார்த்தால் அரிப்பு அடங்கும். பத்து நிமிடம். அதற்குமேல் தாங்காது.

ஒரு தடவை மயிலாப்பூரிலிருந்து ஒரு மாமியை ஏற்றிக்கொண்டு வரும்போது மந்தைவெளியில் வண்டி குதித்தது. நான் வண்டியைத் திருப்பிவிட்டேன். மாமி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். "ஏம்ப்பா, வந்த வழியே திரும்பிப் போயிண்டிருக்கே? ஆத்துல எல்லாரும் எனக்காகக் காத்துண்டிருக்கா" என்றார். பர்ஸ் விழுந்துவிட்டது என்று சொன்னேன். தேடு தேடு என்று அந்த அம்மாவும் பக்கவாட்டில் குனிந்து ரோட்டில் என் பர்ஸைத் தேடிக்கொண்டே வந்தார். பர்ஸ் என் சட்டைப் பையில் இருந்தது.

வேறு சில பழக்கங்களும் வந்தன. இவையெல்லாம் அறிகுறி என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இரண்டு வருடம் மிச்சமாகியிருக்கும், அதனால் எழுதுகிறேன். சவாரி முடிந்த உடனே கீழே இறங்கி மூன்று சக்கரத்தையும் தடவிப் பார்ப்பேன். மறுநாள் பேப்பரில் விபத்துச் செய்தியை மட்டும் தேடிப் படிப்பேன். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் அது எந்தப் பக்கம் போகிறது, நான் வந்த பக்கமா என்று நின்று கவனிப்பேன். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் அந்தத் தெருப் பக்கமே போக மாட்டேன், சுற்றிக்கொண்டு போவேன். வீட்டுக்கு வந்ததும் தேவகியிடம், "நான் யாரையும் இடிக்கலைல்ல?" என்று கேட்பேன். அவள் இல்லை என்பாள். சாப்பிடும்போது மறுபடி கேட்பேன். கை கழுவும்போது மறுபடி.

ஸ்டாண்டில் நான் குடிக்கிறேன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஸ்டாண்டு செயலாளர் ஒரு நாள் காதில் ஏதோ சொல்ல வருகிறமாதிரி வந்து வாயை மோந்து பார்த்தார். பீடிகூடப் பிடிக்காதவன் நான். தேவகி கண்ணில் கோளாறோ என்று கண் டாக்டரிடம் கூட்டிப்போனாள். கடைசி வரி எழுத்துவரை படித்துக் காட்டினேன். பிறகு தலையில் ஸ்கேன் எடுத்தோம். அந்த வராந்தாவில் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்தபோது, தலைக்குள் ஒரு கட்டி இருந்தால் தேவலை என்று நான் சாமியை வேண்டிக்கொண்டேன். கட்டி என்றால் அதற்கு ஒரு பெயர் உண்டு, ஒரு ஆபரேஷன் உண்டு. "ஒண்ணுமே இல்லைங்க, நார்மல்" என்று சந்தோஷமாகச் சொல்லிக் கவரைக் கையில் கொடுத்தார்கள். தேவகி அங்கேயே கும்பிட்டாள். எனக்கு அழுகை வந்தது.

இதையெல்லாம் நான் முழுசாகச் சொன்ன ஒரே ஆள் மோகன். தேவகியின் தம்பி. எங்கள் பிளாக்கிலேயே கீழ் வீட்டில் இருக்கிறான். தரமணியில் ஐ.டி. கம்பெனிக்காரர்களை ஏற்றி இறக்குகிற வேன் ஓட்டுகிறான். காலை ட்ரிப்புக்கும் மாலை ட்ரிப்புக்கும் நடுவில் அவனுக்கு வேலை கிடையாது, பைக் கையில் இருக்கும். நான் சொன்னதைக் கேட்டு அவன் சிரிக்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

"நீ திரும்பித் திரும்பிப் போவாத மாமா. பொழப்பு பூடும். எந்த எடம்னு எனக்கு ஒரு ஃபோன் போடு. நான் போய்ப் பாத்துட்டு சொல்றேன், நீ பாட்டுக்கு ஓட்டு" என்றான்.

அப்படித்தான் ஓடியது. வண்டி குதித்தால் மோகனுக்கு ஃபோன். பதினைந்து நிமிடத்தில் அவனிடமிருந்து ஃபோன் வரும். "பாத்துட்டேன் மாமா. ஒண்ணும் கெடையாது." சில நாள் அது எனக்குப் போதாது, நன்றாகப் பார்த்தாயா என்று கேட்பேன். அப்போது அவன் விவரமாகச் சொல்வான். "நாய் ஒண்ணு பட்த்துகினு கீது மாமா. செவல நாயி. அதுவும் உயிரோடதான் கீது, வால் ஆட்டுது." அந்தச் செவலை நாய் வாலாட்டுவதை நினைத்துக்கொண்டே நான் ஒரு மணி நேரம் வண்டி ஓட்டியிருக்கிறேன். இப்படி ஒரு மச்சான் யாருக்குக் கிடைப்பான் என்று ஸ்டாண்டில் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

அது உடைந்தது ஆயுத பூஜைக்கு மறுநாள். முந்தின நாள் வண்டியைக் கழுவி, மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, ஸ்டாண்டு வாசலில் திருஷ்டிப் பூசணிக்காயும் உடைத்தோம். உடைத்தவன் நான்தான், இந்த இரண்டு கையால். மறுநாள் காலை எல்.பி. ரோட்டில் வரும்போது சக்கரம் ஏதோ மெத்தென்றதன்மேல் ஏறி இறங்கியது. பின்னால் சவாரி இருந்தது, நிறுத்தவில்லை. இந்திரா நகரில் சவாரியை இறக்கிவிட்டுக் குனிந்து பார்த்தேன். சக்கரம் சிவப்பாக இருந்தது. மட்கார்டின் உள்பக்கம் சிவப்பு. சிவப்புக்கு நடுவில் வெள்ளையாகச் சதை ஒட்டியிருந்தது.

ஊரில் பாதிக் கடை வாசலில் குங்குமம் கொட்டின பூசணிக்காய் உடைந்து கிடக்கிற நாள் அது. சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். எனக்குத் தோன்றவில்லை. மோகனுக்கு ஃபோன் போட்டு, எல்.பி. ரோடு, ஜவுளிக்கடை வாசல், உடனே போ என்றேன். அவன் எப்போதும் போலப் பதினைந்து நிமிடத்தில் கூப்பிட்டான்.

"பாத்துட்டேன் மாமா. ஒண்ணும் கெடையாது. ரோடு கழுவி வுட்ட கணக்கா சுத்தமா கீது."

அந்த வார்த்தைதான் என்னைக் கொன்றது. ரோடு சுத்தமாக இருக்கிறது என்றால் என் சக்கரத்தில் இருக்கிற சிவப்பு எங்கிருந்து வந்தது? அங்கே ஒரு பூசணித் துண்டாவது கிடக்கிறது என்று அவன் சொல்லியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். ஆள் அடிபட்டிருக்கிறது, தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், ரோட்டைக் கழுவியும் விட்டார்கள், மோகனுக்கு எல்லாம் தெரியும், எனக்குச் சொல்லாமல் மறைக்கிறான். இப்படி ஒரே நிமிடத்தில் எல்லாம் கோர்வையாகப் பொருந்திவிட்டது. வண்டியை நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு விட்டேன். ஒரு ஆளை ஏற்றிக் கொன்றுவிட்டேன், என்னைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அங்கே இருந்த ஏட்டம்மா பதறவில்லை. எங்கே, எப்போது என்று கேட்டு ஃபோன் போட்டு விசாரித்தார். அந்தப் பக்கம் விபத்து எதுவும் இல்லை என்று பதில் வந்தது. அப்புறம் வெளியே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். சாவியால் மட்கார்டைச் சுரண்டி, வந்ததை உள்ளங்கையில் வைத்து என் முகத்துக்கு நேராகக் காட்டினார்.

"யோவ், இன்னான்னு பாரு. பூசணி வெதைய்யா."

விதைதான். நானும் பார்த்தேன். உடனே நான் என்ன கேட்டேன் தெரியுமா? "பூசணிக்கா மேலயும் ஏறி, ஆளு மேலயும் ஏறியிருக்கலாம்ல மேடம்?" ஏட்டம்மா என்னை ஒரு நிமிடம் பார்த்தார். அதன் பிறகு அவர் குரல் மாறிவிட்டது. நாற்காலி கொடுத்து உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். நான் ஃபோன் போட்டுப் பார்க்கச் சொன்ன கதையையும் கேட்டுக்கொண்டு, மோகனை வரவழைத்தார்.

மோகன் வியர்த்து விறுவிறுத்து வந்து நின்றான். ஏட்டம்மா நேராகக் கேட்டார். "இவுரு ஃபோன் பண்ணதும் நீ போய்ப் பாத்தியா?"

அவன் என்னைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். "இல்ல மேடம். வேன்லதான் பட்த்துகினு கெடந்தேன்."

"பாத்தேன்னு சொன்னியே?"

"நான் போறதில்ல மேடம். கொஞ்ச நேரம் கழிச்சு ஃபோன் பண்ணி ஒண்ணும் இல்லன்னு சொல்வேன். அவுருக்கு மன்சு அடங்கிடும். அதுக்குத்தான்."

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அந்த நாயி?"

"நாயும் கெடையாது மாமா" என்றான்.

அடிக்கப் போனேன். ஏட்டம்மா பிடித்துக்கொண்டார். அவனை அடிக்க வேண்டும் என்பதைவிடப் பெரிதாக இன்னொன்று மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு வருடம். நூற்றுக்கணக்கான இடம். ஒன்றைக்கூட யாரும் பார்க்கவில்லை. அத்தனை பேரும் அங்கங்கே கிடக்கிறார்கள். மந்தைவெளியில் ஒருவர், தரமணியில் ஒருவர், கோட்டூர்புரத்தில் ஒருவர். எல்லாக் கணக்கும் ஒரே நாளில் என் தலையில் வந்து விழுந்தது. அதற்குப் பிறகு இரண்டு நாள் நான் சாப்பிடவில்லை, கண் மூடவில்லை. நான் உயிரோடு இருப்பதே தப்பு என்று தேவகியிடம் சொன்னேன். அவள் அதற்குமேல் காத்திருக்கவில்லை. ஏட்டம்மா எழுதிக் கொடுத்த சீட்டைப் பிடித்துக்கொண்டு பெரிய அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள்.

மனநலம் என்ற போர்டைப் பார்த்ததும் வாசலிலேயே முரண்டு பிடித்தேன். நான் பைத்தியம் இல்லை, கொலைகாரன், இரண்டுக்கும் வேறு வேறு இடம் உண்டு என்று கத்தினேன். உள்ளே வெளிநோயாளிகள் பெஞ்சில் நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் ரேஷன் கடை வரிசையில் இருக்கிற மாதிரிச் சாதாரணமாகத்தான் இருந்தார்கள். டோக்கன் நம்பர் கூப்பிட மூன்று மணி நேரம் ஆனது. அதற்குள் தேவகி பையிலிருந்து தயிர்சாதத்தை எடுத்து, உருட்டி, ஒரு வாய் என் வாயில் வைத்துவிட்டாள்.

டாக்டர் ஒரு நடுத்தர வயது அம்மா. நான் சொன்னதை நடுவில் மறிக்காமல் கேட்டார். பிறகு ஒவ்வொன்றாகக் கேள்வி. இந்த எண்ணம் நீங்களாக நினைத்து வருகிறதா, வேண்டாம் என்றாலும் வருகிறதா? அது அர்த்தமில்லாதது என்று உங்களுக்கே தெரிகிறதா? ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் இதில் போகிறது? போய்ப் பார்த்தால் எவ்வளவு நேரம் நிம்மதி? பத்து நிமிடம் என்றேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார். நான் வாய் திறந்து சொல்லாததை எல்லாம் இவர் எப்படித் தெரிந்து கேட்கிறார் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நான் மட்டும்தான் இப்படி என்று இரண்டு வருடம் நினைத்திருந்தேன்.

"இதுக்குப் பேரு ஓசிடி" என்றார். "எண்ணச் சுழற்சி நோய்னு சொல்லுவோம். வேண்டாத ஒரு எண்ணம் திரும்பத் திரும்ப வரும். அது பதற்றத்தைக் கொண்டுவரும். அந்தப் பதற்றத்தை அடக்க ஒரு காரியம் செய்யத் தோணும். செஞ்சா கொஞ்ச நேரம் அடங்கும், அப்புறம் முன்னைவிட ஜாஸ்தியா வரும். கை கழுவறது, பூட்டை இழுத்துப் பாக்கறது மட்டும்தான் ஓசிடின்னு நிறையப் பேர் நினைக்கறாங்க. ஆளை இடிச்சுட்டோமோன்னு வர்றதும் அதுதான். வண்டி ஓட்டறவங்ககிட்ட நான் நிறையப் பாத்திருக்கேன்."

சேர்த்துக்கொண்டார்கள். மாத்திரை ஆரம்பிக்கும் முன் ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சில் ஒட்டுகளை வைத்து ஈ.சி.ஜி. எடுத்தார்கள். மாத்திரை வேலை செய்ய ஆறு வாரம்கூட ஆகலாம், முதல் வாரமே ஒன்றும் ஆகவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள் என்று நர்ஸ் இரண்டு முறை சொன்னார். எல்லாம் சரி. ஆனால் அது ஆண்கள் வார்டு. கூட இருக்க ஆண் துணைதான் வேண்டும். என் வீட்டில் வேறு ஆண் யார்? லீவு போட்டுவிட்டுப் பாயும் போர்வையுமாக வந்து நின்றான் மோகன்.

பதினோரு நாள் என் கட்டிலுக்குக் கீழே படுத்துக் கிடந்தான். நான் அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் தட்டைக் கழுவினான், சட்டையைத் துவைத்தான், மாத்திரை வாங்கும் வரிசையில் நின்றான். இட்லி வாங்கி வருவான், எனக்குக் காரச்சட்னி பிடிக்காது என்று தேங்காய்ச்சட்னி மட்டும் கட்டி வாங்கி வருவான். பொட்டலத்தைப் பிரித்து வைத்துவிட்டு எட்டப் போய் நிற்பான். எவ்வளவு பாசமாகப் பொய் சொன்னானோ அவ்வளவு பாசமாக இட்லியும் வைக்கிறான் என்று நினைத்துக்கொண்டே சாப்பிடுவேன்.

பக்கத்துக் கட்டிலில் மயிலாப்பூர்க்காரர் ஒருவர் இருந்தார். கணக்கு வாத்தியார். பார்த்தால் ஒரு வியாதியும் தெரியாது, சும்மா உட்கார்ந்திருப்பார். ஒரு மத்தியானம் அவராகவே சொன்னார். "சன்னதியில நிக்கறச்சே சுவாமியைப் பத்தி அசிங்க அசிங்கமா வார்த்தை வரும் சார். அதை அழிக்கறதுக்கு மனசுக்குள்ளேயே நூத்தெட்டு தரம் நாமம் சொல்லிண்டிருப்பேன். நடுவுல தப்பினா மறுபடி முதல்லேர்ந்து. கிளாஸ் எடுத்துண்டே சொல்லுவேன். ஆத்துல ஒருத்தருக்கும் தெரியாது." என்னுடையதாவது ரோட்டில் தெரிந்தது. அவருடையது இருபது வருடம் வெளியே தெரியாமலே ஓடியிருக்கிறது. அவருக்கு நான் ஒரு ஆறுதலும் சொல்லவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை.

ஏழாவது நாள் டாக்டர் தேவகியையும் மோகனையும் என்னோடு உட்கார வைத்துப் பேசினார். நான் காத்துக்கொண்டிருந்த நாள் அது. டாக்டர் அவனை வெளுத்து வாங்குவார் என்று நினைத்தேன்.

"இவன் ரெண்டு வருஷமா என்னை ஏமாத்திகினு இருந்தான் மேடம்" என்று ஆரம்பித்தேன்.

"அவன் மேல சொல்லாத. நான்தான் அப்பிடிச் சொல்லச் சொன்னேன்" என்றாள் தேவகி. "நெதம் நீ ஃபோனைப் புட்ச்சிகினு துடிக்கறத என்னால பாக்க முடியல. போவாட்டியும் போனேன்னு சொல்லுடான்னு நான்தான் சொன்னேன்."

அப்படியென்றால் வீட்டில் எனக்குச் சோறு போட்ட கைக்கும் தெரியும். நான் கை கழுவிக்கொண்டே கேட்டபோதெல்லாம் இல்லை இல்லை என்று சொன்ன வாய்க்கும் தெரியும். எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன். டாக்டர் உட்காரச் சொன்னார். அவர் மோகனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஒரு தடவைகூட நீங்க போய்ப் பாத்ததில்லையா?"

மோகன் சட்டைப் பைக்குள் கை விட்டான். பிறகு சொன்னான். "போயிருக்கேன் மேடம். மொதல் மூணு மாசம் எல்லாத்துக்கும் போனேன். மழைல போயிருக்கேன். ஃபோட்டோ புட்ச்சி அனுப்புவேன்." ஃபோனை எடுத்து அவர் முன்னால் வைத்தான். "இன்னும் கீது மேடம், அழிக்கல."

படங்கள். வெறும் ரோடு. பள்ளம், வேகத்தடை, சாக்கடை மூடி, மழைத் தண்ணீர். விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. ஒரு படத்தில் ஓரத்தில் ஒற்றைச் செருப்பு கிடந்தது. எனக்கு அது ஞாபகம் இருந்தது. கோபத்தில் அந்த முதல் மூன்று மாதத்தை அடியோடு மறந்திருந்தேன்.

"இந்தப் படத்த அனுப்பினன்னிக்கு, அந்தச் செருப்பு யாருதுன்னு கேட்டு மாமா என்ன மூணு வாட்டி திருப்பி அனுப்பிச்சாரு மேடம். நான் நெஜமாப் போய்ப் பாத்து சொன்னாலும் அவுருக்குப் பத்து நிமிசம்தான். பொய் சொன்னாலும் பத்து நிமிசம்தான். அப்பறம் ஏன் போவணும்னு வுட்டுட்டேன்."

அவன் சொன்னது சரி. மழையில் நனைந்து அவன் கொண்டு வந்த உண்மைக்கும், வேனில் படுத்துக்கொண்டு சொன்ன பொய்க்கும் என் மண்டை ஒரே மரியாதைதான் கொடுத்திருக்கிறது. முதலில் என்னை ஏமாற்றியது என் மண்டைதான், மற்றவர்கள் அப்புறம் வந்தார்கள். இது புரிந்தது. புரிந்ததால் அவன்மேல் இருந்த கோபம் போய்விட்டதா என்றால், போகவில்லை. செவலை நாய்க்கு வால் வைத்துச் சொல்ல வேண்டிய அவசியம் அவனுக்கு என்ன?

டாக்டர் கோபப்படாமல் சொன்னார். "ரெண்டு பேரும் இவர்மேல இருக்கற பிரியத்துலதான் செஞ்சீங்க. ஆனா ஒவ்வொரு தடவை 'ஒண்ணும் இல்ல'ன்னு நீங்க சொன்னதும் இந்த நோய்க்குப் போட்ட தீனி. கேட்டு உறுதி பண்ணிக்கறதும் போய்ப் பாக்கறதும் ஒண்ணுதான். இனிமே இவர் கேட்டா யாரும் இல்லைன்னும் சொல்லக் கூடாது, ஆமான்னும் சொல்லக் கூடாது. தெரியாதுன்னு மட்டும் சொல்லுங்க. அந்தப் பதற்றம் தானா ஏறும், தானா இறங்கும். அது இறங்கறதை இவர் ஒரு தடவையாவது பாக்கணும். மாத்திரை பாதி வேலை, இது பாதி வேலை."

வீட்டுக்கு வந்து ஐந்து வாரம் வண்டியைத் தொடவில்லை. வாரம் ஒரு நாள் மருத்துவமனைக்குப் போனேன். முதலில், வண்டி குதிப்பதை நாற்காலியில் உட்கார்ந்து நினைத்துப் பார்க்கிற பயிற்சி. பிறகு பஸ்ஸில் போய், பஸ் குதிக்கும்போது திரும்பிப் பார்க்காமல் இருக்கிற பயிற்சி. கேட்கச் சுலபமாக இருக்கும். எனக்குச் சட்டை முழுக்க நனைந்துவிடும். அந்த ஐந்து வாரம் தேவகியோடு தேவையானதை மட்டும் பேசினேன். உப்பு வேண்டும், தண்ணீர் வேண்டும். அவளும் அழுது ஆர்ப்பாட்டம் செய்யாமல் உப்பையும் தண்ணீரையும் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஆறாவது வாரம் டாக்டர் வண்டியை எடுக்கச் சொன்னார். சவாரி வேண்டாம், வீட்டு ஆள் ஒருவர் பின்னால் உட்காரட்டும், பெரும்பாக்கத்திலிருந்து அடையாறு வரை, எங்கேயும் திரும்பக் கூடாது. பின்னால் உட்கார மோகன்தான் வந்தான். காலை வெயில் நன்றாக ஏறியிருந்தது. சோழிங்கநல்லூர் தாண்டினோம். தரமணி பக்கம் வரும்போது கம்பெனி பஸ் ஒன்று குறுக்கே வந்தது, இடதுபக்கம் ஒடித்தேன், பின் சக்கரம் எதன்மேலோ ஏறித் தொம்மென்று இறங்கியது.

கண்ணாடியைப் பார்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள், பார்க்கவில்லை. கொஞ்ச தூரம் தாங்கினேன். அதற்குமேல் முடியவில்லை. ஒன்றரை மாதமாக அவனிடம் பேசாத வாய் தானாகத் திறந்தது.

"மோகனு, அது இன்னாடா? யார் மேலயாவது ஏத்திட்டனா?"

"தெர்ல மாமா."

"நீ பின்னாடிதான குந்திகினு கீற? பாத்திருப்பல்ல?"

"தெர்ல மாமா."

திருப்புவதற்கு இடம் வந்தது, யூ டர்ன் போர்டு கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. இரண்டு வருடம் பொய் சொன்னான் என்று தெரிந்த அன்றைக்குக்கூட அவனை நான் இந்த அளவு வெறுத்ததில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடத்தில் எனக்கு உண்மை வேண்டியிருக்கவில்லை.

"பொய்யாவது சொல்லுடா" என்று கத்தினேன். "ஒண்ணும் இல்லன்னு சொல்லுடா. எப்பவும் சொல்வியேடா."

அவன் அழுகிற சத்தம் கேட்டது. ஆனால் சொல்லவில்லை. யூ டர்ன் என் வலப்பக்கம் வந்தது, கடந்து பின்னால் போனது. அடையாறு போய்ச் சேரும்வரை நான் கேட்டுக்கொண்டே இருந்தேன், அவன் தெர்ல மாமா, தெர்ல மாமா என்று சொல்லிக்கொண்டே வந்தான்.